முதல் பார்வையில் எலிசபெத் ஏமாந்தது யாரிடம்?

மழைக்கால வாசகி எழுதியது:

வணக்கம். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைக் கல்லூரியில் பாடமாகப் படித்தபோது, தேர்வுக்கு வேண்டிய பத்துப் பக்கக் குறிப்புகளை மனப்பாடம் செய்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தவள் நான். இருபது ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம்தான் அதை நிதானமாக முழுவதும் படித்தேன். படித்து முடித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் குடைந்துகொண்டிருக்கிறது.

அன்று எங்களுக்குச் சொல்லித்தந்த விளக்கம் மிகவும் எளிமையானது. கதாநாயகன் டார்சியிடம் செருக்கு இருந்தது, கதாநாயகி எலிசபெத்திடம் தப்பெண்ணம் இருந்தது, இருவரும் தத்தம் குறையைக் களைந்தபின் திருமணம் நடந்தது. ஆனால் நாவலில் நான் கண்டது வேறு. மெரிட்டன் நடனக்கூடத்தில் ஆண்கள் குறைவாக இருந்ததால் இரண்டு நடனங்களுக்கு எலிசபெத் துணையின்றி உட்கார்ந்திருக்கிறாள். பிங்லி தன் நண்பனிடம் அவளைக் காட்டி, அவளோடு ஆடும்படி வற்புறுத்துகிறான். டார்சி திரும்பிப் பார்க்கிறான். அவள் கண்ணைச் சந்தித்ததும் தன் பார்வையை விலக்கிக்கொண்டு, அவள் காதில் விழும் தூரத்தில் நின்றபடியே, ‘பரவாயில்லை ரகம்தான், என்னை ஈர்க்கும் அளவுக்கு அழகில்லை’ என்கிறான். மற்ற ஆண்கள் ஒதுக்கிய பெண்களுக்கு மதிப்புத் தேடித்தரும் மனநிலையில் தான் இல்லை என்று வேறு சேர்த்துக்கொள்கிறான். இதைக் கேட்ட பெண் அவனைச் செருக்கன் என்று நினைத்தால் அதில் தப்பெண்ணம் எங்கிருந்து வந்தது? கண்ணால் கண்டு, காதால் கேட்டு, அதன்பின் ஒரு முடிவுக்கு வருவதை நாம் பொதுவாக அறிவு என்றுதானே சொல்கிறோம்?

எனக்கு உண்மையில் விளங்காதது விக்காம் விஷயம். உறவினர் காலின்ஸின் முதல் கடிதத்தைப் படித்த மாத்திரத்தில் ‘இவர் அறிவுள்ளவராக இருக்க முடியுமா?’ என்று தந்தையிடம் கேட்கும் எலிசபெத், முந்தைய நாள் தெருவில் அறிமுகமான விக்காம், டார்சி தனக்குத் துரோகம் செய்தான் என்று ஒரே மாலைப்பொழுதில் சொன்ன கதையை அப்படியே நம்பிவிடுகிறாள். இது கதையை நகர்த்துவதற்காக ஆசிரியர் செய்த வசதியான ஏற்பாடா, அல்லது அந்த ஏமாற்றத்துக்கு நாவலிலேயே காரணம் இருக்கிறதா? கூடவே இன்னொன்று: கடைசியில் மாறியது டார்சியா, அவனைப் பார்க்கும் எலிசபெத்தின் கண்ணா? பலமுறை படித்தவர்கள் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள் எழுதியது:

உங்கள் முதல் வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். நடனக்கூடத்தில் டார்சி நடந்துகொண்டது மரியாதைக்குறைவு. அதை மரியாதைக்குறைவு என்று எலிசபெத் கண்டது சரியான கணிப்பு. நாவல் முடியும் வரை அந்தக் கணிப்பை யாரும் பொய்யாக்குவதில்லை. 58-ஆம் அத்தியாயத்தில் டார்சியே, தனக்கு நல்ல நெறிகளைக் கற்பித்தார்கள், ஆனால் அவற்றைச் செருக்கோடும் இறுமாப்போடும் கடைப்பிடிக்கும்படி விட்டுவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்கிறான். ஆகவே முதல் எண்ணம் பிழையானது என்பதல்ல இந்த நாவல் சொல்வது. பிழை அடுத்த படியில் நடக்கிறது. ‘இவன் மரியாதை தெரியாதவன்’ என்பதிலிருந்து ‘இவன் நேர்மையற்றவன்’ என்பதற்கு எலிசபெத் தாவுகிறாளே, அந்தத் தாவலுக்கு அவள் கையில் ஆதாரம் ஏதும் இல்லை. ஆதாரம் தேவைப்பட்டபோது விக்காம் வந்து சேர்ந்தான்.

தயவுசெய்து 16-ஆம் அத்தியாயத்தை எடுத்து, யார் எதை முதலில் சொல்கிறார்கள் என்பதை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். சித்தி பிலிப்ஸ் வீட்டில் இரண்டு சீட்டு மேசைகள் போடப்பட்டிருக்கின்றன. எலிசபெத்தும் தங்கை லிடியாவும் இருக்கும் மேசையில் இருவருக்கும் நடுவே விக்காம் உட்காருகிறான். லிடியா விளையாட்டில் மூழ்கிவிட்டதால் எலிசபெத்தோடு தனியாகப் பேச அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. பிங்லி குடியிருக்கும் நெதர்ஃபீல்டு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று தொடங்குகிறான். பிறகு சற்றுத் தயங்கியவன்போல், டார்சி அங்கே வந்து எத்தனை நாளாகிறது என்று கேட்கிறான். ஏறக்குறைய ஒரு மாதம் என்று பதில் சொன்ன எலிசபெத், பேச்சு அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காக டார்சியின் சொத்தைப் பற்றித் தானே எடுக்கிறாள். அவரை நன்றாகத் தெரியுமா என்று அவன் கேட்டதும், தெரிந்த வரைக்கும் போதும், ஒரே வீட்டில் நான்கு நாட்கள் இருந்தேன், சகிக்கமுடியாத மனிதர் என்று கொட்டிவிடுகிறாள். அதற்குப் பிறகும் விக்காம் வாயைத் திறப்பதில்லை. கருத்துச் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று பின்வாங்குகிறான். இந்த வட்டாரத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது, அவருடைய செருக்கைக் கண்டு எல்லோரும் வெறுத்துப்போயிருக்கிறார்கள் என்று எலிசபெத் உறுதி கொடுத்த பின்னரே கதை வெளியே வருகிறது. ஊருக்குப் புதிதாக வரும் வியாபாரி, கடைத்தெருவில் விலை விசாரித்த பிறகுதான் மூட்டையை அவிழ்ப்பான். விக்காம் செய்தது அதுதான். அவள் கேட்க விரும்பியதைத்தான் அவளுக்கு விற்றான்.

இன்னும் கூர்மையான இடம் ஒன்று உண்டு. டார்சியின் தந்தையை மறக்க முடியாத வரையில் மகனை ஊரறியத் தூற்றத் தன்னால் முடியாது என்று விக்காம் உருக்கமாகச் சொல்கிறான். தூற்றிக்கொண்டிருக்கும்போதே அதைச் சொல்கிறான்! எலிசபெத்துக்கு அந்த முரண் உறைக்கவில்லை. அந்த உணர்வுக்காக அவனை மதித்தாள், அதைச் சொல்லும்போது அவன் முன்னிலும் அழகாகத் தோன்றினான் என்று ஆஸ்டின் ஒரே மூச்சில் எழுதுகிறார். மறுநாள் அக்காள் ஜேன், இரு தரப்பிலும் ஏதோ தவறான தகவல் இருக்கலாம், யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை என்கிறபோது, எலிசபெத் எடுத்துவைக்கும் வாதங்களுள் ஒன்று, அவன் முகத்திலேயே உண்மை தெரிந்தது என்பது. வேறு எவராவது இப்படி ஒரு வாதத்தைச் சொல்லியிருந்தால் எலிசபெத்தே சிரித்திருப்பாள்.

அவள் ஏன் சிரிக்கவில்லை என்பதற்கான விடை வெகு முன்னதாகவே, 5-ஆம் அத்தியாயத்தில், அவள் வாயாலேயே வந்துவிடுகிறது: அவன் என் பெருமையைப் புண்படுத்தாமல் இருந்திருந்தால், அவன் பெருமையை நான் எளிதில் மன்னித்திருப்பேன். நடனக்கூடத்து அவமானத்தை அவள் தோழிகளிடம் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்ததால் அது அவளைத் தொடவே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். புண்ணை மறைப்பதற்குச் சிரிப்பைவிட நல்ல துணி கிடையாது. ஹன்ஸ்ஃபோர்டில், விக்காமின் கதை பொய் என்று காட்டும் டார்சியின் கடிதத்தைப் படித்த பிறகு, ஒருவன் தன்னை நாடியதில் மகிழ்ந்தும் இன்னொருவன் தன்னைப் புறக்கணித்ததில் புண்பட்டும், இருவர் விஷயத்திலும் அறிவை விரட்டிவிட்டேன் என்று அவளே கணக்கைச் சரிபார்க்கிறாள். காதல் கண்ணை மறைத்தது என்றால்கூடச் சகித்துக்கொள்ளலாம், தன்னை மயக்கியது காதல் அல்ல, தற்பெருமை என்பதுதான் அவளுக்கு மிகவும் வலிக்கிறது.

ஒரு துணுக்கு. நடனக்கூடத்துக் காட்சியில் டார்சியைப் பற்றி, அவன் குணம் தீர்மானமாகிவிட்டது, உலகத்திலேயே செருக்கு மிகுந்த, சகிக்கமுடியாத மனிதன் அவன்தான் என்று கதைசொல்லியின் குரலிலேயே ஒரு வாக்கியம் வரும். அது ஆஸ்டினின் தீர்ப்பு அல்ல. ஊர் வாயை மேற்கோள் குறி போடாமல் அப்படியே இறக்கிவைத்திருக்கிறார். முதல் வாசிப்பில் நாமும் அந்த ஊரோடு சேர்ந்து தலையாட்டிவிடுகிறோம். எனவே எலிசபெத் ஏமாந்தாள் என்று சொல்லும்போது கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

தாழ்வாரம் எழுதியது:

பழுப்புத்தாள் சொன்னது சரிதான் என்றாலும், எல்லாவற்றையும் எலிசபெத்தின் மனத்துக்குள்ளேயே வைத்துப் பார்ப்பது அவளுக்கு நியாயம் செய்வதாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவளைப் போன்ற குடும்பத்துப் பெண் ஓர் ஆணை அறிந்துகொள்ள என்னென்ன வழிகள் இருந்தன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மிகச் சில வழிகளே இருந்தன. நடனம் அவற்றுள் முக்கியமானது. முறையாக அறிமுகம் செய்துவைக்கப்படாமல் ஓர் ஆண் ஆட அழைக்க முடியாது. ஒருவனை மறுத்த பெண் அன்றைய இரவில் மற்றவரோடு ஆடுவது முறையாகக் கருதப்படவில்லை. அழைத்தவனோடு இரண்டு நடனங்கள் ஆட வேண்டும். ஏறத்தாழ அரைமணி நேரம், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கிடைத்த இடைவெளிகளில் பேசலாம். நெதர்ஃபீல்டு நடனத்தில் டார்சி திடீரென்று அழைத்தபோது, என்ன செய்கிறோம் என்று உணராமலே எலிசபெத் சம்மதித்துவிடுகிறாள். பிறகு இருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கிறார்கள். இரண்டு நடனங்களும் இப்படியே கழிந்துவிடும்போலிருக்கிறது என்று நினைக்கும் அவள், பேசவைப்பதுதான் அவனுக்குப் பெரிய தண்டனை என்று தோன்றியதும், நடனத்தைப் பற்றி ஏதோ சொல்லிவைக்கிறாள். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் ‘அறிந்துகொள்ளும்’ வாய்ப்பு இந்த அளவில்தான் இருந்தது. இதை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதற்குமான முடிவை எடுக்க வேண்டும்.

கடிதம் எழுதலாமே என்பீர்கள். நிச்சயம் ஆகாத ஆணும் பெண்ணும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வது கண்ணியமானதல்ல என்பது அன்றைய வழக்கம். அதனால்தான் டார்சி தன் கடிதத்தை அஞ்சலில் சேர்க்கவில்லை. அவள் வழக்கமாக நடக்கும் இடத்தில் காத்திருந்து, இதைப் படித்துப் பார்க்கும் பெருமையை எனக்குத் தருவீர்களா என்று கேட்டுக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். இரண்டு தாள்கள், நெருக்கமான கையெழுத்து, சுற்றியிருக்கும் உறைத்தாளிலும் இடமில்லாமல் எழுத்து. அதற்கு அவள் பதில் எழுத முடியாது. நாவலில் எழுதவும் இல்லை. மன்னிப்போ நன்றியோ எதுவாயினும் அடுத்த முறை நேரில் சந்திக்கும் வரை மனத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

பெண் தன் விருப்பத்தை வெளிக்காட்டுவதும் எளிதல்ல. ஜேன் பிங்லியை விரும்புகிறாள், ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரியான இன்முகம் காட்டுகிறாள். எலிசபெத்தின் தோழி சார்லட் லூக்கஸ் 6-ஆம் அத்தியாயத்திலேயே, இப்படி மறைத்தால் அவனைப் பிடித்துவைக்கும் வாய்ப்புப் போய்விடும் என்று எச்சரிக்கிறாள். அதேபோல் டார்சி ஜேனின் முகத்தைக் கூர்ந்து பார்த்து, இவளுக்கு என் நண்பன்மேல் தனி ஈடுபாடு இல்லை என்று முடிவுகட்டி, பிங்லியை லண்டனிலேயே நிறுத்திவைக்கிறான். விக்காமின் முகத்தில் உண்மை இருப்பதாக எலிசபெத் கண்டாள், ஜேனின் முகத்தில் காதல் இல்லையென்று டார்சி கண்டான். முகம் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன இருவருமே கோட்டைவிட்டார்கள். ஏமாளிப் பட்டத்தை எலிசபெத்துக்கு மட்டும் கட்டுவது ஏன்?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலிசபெத்தின் தந்தைக்குச் சொந்தமான லாங்போர்ன் பண்ணையின் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. ஆனால் அது ஆண்வாரிசுக்கே போகும்படி கட்டப்பட்ட சொத்து. ஐந்து பெண்களுக்கும் அதில் பங்கில்லை, தந்தை இறந்தால் காலின்ஸ் வந்து உட்காருவார். எலிசபெத்துக்கு மிஞ்சுவது தாய் இறந்த பிறகு வரக்கூடிய 1,000 பவுண்டு மட்டும். அதை 4 விழுக்காடு வட்டி தரும் அரசுக் கடன் பத்திரக் கணக்கில் காலின்ஸே, திருமணம் கேட்கும்போது, நாசூக்கே இல்லாமல் சொல்லிக்காட்டுகிறார். ஆண்டுக்கு 40 பவுண்டு வருகிறது. இந்த நிலையில் அவள் காலின்ஸை மறுக்கிறாள். சில மாதங்களில், ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சியையும் மறுக்கிறாள். காலின்ஸை ஏற்றுக்கொண்ட சார்லட்டுக்கு 27 வயது. அவள் செய்ததை எலிசபெத் இழிவாக நினைப்பதில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. தாய்வீட்டில் சுமையாகக் கிடப்பதற்கும் காலின்ஸுக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தவள் சார்லட். தன் அறையை வீட்டின் பின்பக்கமாக அமைத்துக்கொண்டு, கணவரைத் தோட்டவேலையில் ஊக்கப்படுத்தி, அந்த வாழ்க்கையை அவள் நடத்தும் சாமர்த்தியம் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது.

கரிசல்மண் எழுதியது:

எல்லோரும் இவ்வளவு நுட்பமாகப் பேசுகிறீர்கள், நான் சற்று வெளிப்படையாகக் கேட்கிறேன். டார்சியின் பெம்பர்லி மாளிகையைப் பார்த்த பிறகுதானே எலிசபெத்தின் மனம் கனிகிறது? இந்த வீட்டுக்கு எசமானியாக இருப்பது லேசான காரியமல்ல என்று அவள் மனத்தில் ஓடுவதை ஆசிரியரே எழுதுகிறார். எப்போதிருந்து அவரை விரும்புகிறாய் என்று ஜேன் கேட்கும்போது, பெம்பர்லியின் அழகான தோட்டந்துரவை முதன்முதலில் பார்த்ததிலிருந்துதான் என்று அவளே சொல்கிறாள். நான் மட்டும் இப்படிச் சந்தேகப்படவில்லை. ஆஸ்டினை மனமாரப் பாராட்டிய வால்டர் ஸ்காட்டே, ‘எம்மா’ நாவலுக்கு எழுதிய மதிப்புரையில், அந்த மாளிகையையும் தோட்டத்தையும் பார்க்கும் வரை தான் செய்தது அசட்டுத்தனம் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்று குத்திக்காட்டியிருக்கிறார். செருக்கு, தப்பெண்ணம் என்பதெல்லாம் சரி. பத்தாயிரம் பவுண்டு இல்லாத டார்சிக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைத்திருக்குமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

கரிசல்மண் அவர்களே, ஜேனிடம் சொன்னது வேடிக்கைப் பேச்சு. விளையாட்டை விட்டு ஒழுங்காகச் சொல் என்று ஜேன் உடனே கேட்கிறாள், அதன் பிறகு எலிசபெத் மனப்பூர்வமாகப் பேசுகிறாள். ஸ்காட்டுக்கும் அங்கேதான் வழுக்கிவிட்டது. கதையின் நாட்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். டார்சி முதன்முறை திருமணம் கேட்பதும் கடிதம் தருவதும் ஏப்ரலில். பெம்பர்லிப் பயணம் அதற்குப் பின், கோடையில். ‘இந்த நொடி வரை நான் என்னை அறிந்திருக்கவில்லை’ என்று எலிசபெத் வெட்கிப்போவது, தனியாக ஒரு பாதையில் இரண்டு மணி நேரம் அலைந்து கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்த அந்த ஏப்ரல் காலையில். அப்போது பெம்பர்லி அவளுக்கு வெறும் ஒரு பெயர்.

மாளிகை அவளை அசைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாளிகைக்குள் அவள் கேட்ட ஒரு குரலை நீங்கள் விட்டுவிட்டீர்கள். வீட்டு நிர்வாகி ரெனால்ட்ஸ் அம்மாள், நான்கு வயதிலிருந்து அவரை எனக்குத் தெரியும், என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்கிறார். தாழ்வாரம் சொன்னதுபோல ஒருவரை நேரடியாக அறியும் வழி அடைபட்ட உலகத்தில், யாருடைய சாட்சியத்தை ஏற்பது என்பதே கேள்வியாகிறது. விக்காமின் சாட்சியம் எலிசபெத்தின் புண்ணுக்கு மருந்தாக இருந்தது. ரெனால்ட்ஸின் சாட்சியம் அவள் பிடிவாதமாக நம்பியிருந்ததற்கு நேர் எதிரானது, அதனாலேயே அதற்குக் கூடுதல் எடை. டார்சிக்குக் கீழே, அவன் கையை எதிர்பார்த்து வாழ்பவர்கள் அவனைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் அவள் அங்கே கேட்கிறாள். அந்த வீட்டின் பரப்பு அவளுக்கு அப்போது உணர்த்துவது எத்தனை பேருடைய நலம் ஒரு மனிதனின் குணத்தைப் பொறுத்திருக்கிறது என்பதை.

டார்சி மாறினானா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தச் சிக்கலுக்குத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பிரைடு’ என்ற ஒரே சொல் நல்லதற்கும் கெட்டதற்கும் உழைக்கிறது. நமக்குச் செருக்கு, கர்வம், இறுமாப்பு ஒரு பக்கமும் பெருமிதம், தன்மானம் மறுபக்கமும் இருக்கின்றன. ‘செருக்குஞ் சினமும் சிறுமையும் இல்லார் பெருக்கம் பெருமித நீர்த்து’ என்று இரண்டையும் ஒரே குறளில் எதிரெதிராக நிறுத்தியிருக்கிறார் வள்ளுவர். தொல்காப்பியம் பெருமிதத்துக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் ஒன்று கொடை. இதை நினைவில் வைத்துக்கொண்டு 16-ஆம் அத்தியாயத்துக்குத் திரும்பினால் ஒரு வேடிக்கை தெரியும். டார்சியைத் தூற்றும் விக்காமே, அவனைத் தாராளமாகக் கொடுக்கவும், குடியானவர்களுக்கு உதவவும், ஏழைகளின் துயர் தீர்க்கவும் வைத்தது அவனுடைய பெருமைதான் என்று சொல்லிவிடுகிறான். டார்சியிடம் பெருமிதமும் இருந்தது, செருக்கும் இருந்தது. தன் எல்லைக்குள் இருந்தவர்கள் முதலாவதைக் கண்டார்கள், மெரிட்டன் இரண்டாவதை மட்டுமே கண்டது. இந்த நாவலின் தலைப்பைத் தமிழில் செருக்கு என்று ஒரே சொல்லில் அடைத்தால் பாதி நாவல் வெளியே நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

எனவே அடிப்படை மாறவில்லை. கடிதத்துக்குப் பிறகு எலிசபெத்தே விக்காமிடம், சாராம்சத்தில் டார்சி எப்போதும் எப்படியோ அப்படியேதான் இருக்கிறார் என்று சொல்லி அவனை முகம் சிவக்கவைக்கிறாள். மாறியது நடத்தை, அதையும் ஆஸ்டின் ஒரு சின்னச் செயலில் காட்டிவிடுகிறார். லண்டனின் வணிகப் பகுதியில் வசிக்கும் மாமன்மார் இருப்பதால் எலிசபெத்தின் வீட்டுப் பென்னட் பெண்களுக்கு மதிப்புள்ள மாப்பிள்ளைகள் கிடைக்கும் வாய்ப்புப் பெரிதும் குறையும் என்று நெதர்ஃபீல்டில் சொன்னவன் டார்சி. அப்படிப்பட்ட மாமா ஒருவர், கார்டினர், பெம்பர்லிக்கு வருகிறார். அறிமுகம் செய்துவைக்கும்படி டார்சி தானாகக் கேட்கிறான். பேசிக்கொண்டே ஆற்றோரம் நடக்கும்போது, இந்தப் பக்கம் தங்கியிருக்கும் நாளெல்லாம் எங்கள் ஓடையில் வந்து மீன் பிடியுங்கள் என்று அழைக்கிறான், தூண்டில் சாமான்களையும் தருவதாகச் சொல்கிறான், எந்தத் திருப்பத்தில் மீன் அதிகம் அகப்படும் என்று கைகாட்டுகிறான். இதைக் கேட்டுக்கொண்டு எலிசபெத்தோடு கைகோத்து நடக்கும் கார்டினரின் மனைவி, வியப்போடு அவளைப் பார்க்கிறாள், எலிசபெத்தோ வாய் திறப்பதில்லை. என் பார்வையில் இந்த நாவலின் மிகச் சிறந்த காதல் காட்சி இந்தத் தூண்டில் பேச்சுதான்.

இன்னொரு செய்தி. ஆஸ்டின் 1796-97 ஆண்டுகளில், தம் இருபத்தோராம் வயதை ஒட்டி, இந்தக் கதையின் முதல் வடிவத்தை எழுதியபோது வைத்திருந்த பெயர் ‘ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்’, அதாவது முதல் எண்ணங்கள். அவருடைய தந்தை ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டார். கையெழுத்துப்படியைப் பார்க்கவே மறுத்துவிட்டார்கள். 1801-இல் அதே பெயரில் வேறொருவரின் நாவல் வந்துவிட்டது. திருத்தி, சுருக்கி, புதுப் பெயரோடு 1813 ஜனவரியில் நூல் வெளிவந்தபோது, உரிமையை 110 பவுண்டுக்கு விற்றிருந்தார். அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. பெயர் மாறியதற்கு அந்த இன்னொரு நாவல் காரணமாக இருக்கலாம். ஆனால் பழுப்புத்தாள் சொன்னபடி, முதல் எண்ணத்தைவிட அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் தற்பெருமைதான் கதையின் உயிர் என்பதால், புதுப் பெயரே பொருத்தமாக அமைந்துவிட்டது.

மழைக்கால வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பென்சிலோடு 16-ஆம் அத்தியாயத்தை நேற்றிரவு படித்தேன். விக்காம் ஒரு பொய்யைச் சொல்வதற்குள் எலிசபெத் டார்சியைப் பற்றி எத்தனை முறை தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள் என்று எண்ணிப் பார்த்தபோது, அவளுக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் விக்காமிடம் ஏமாறவில்லை, தன்னிடம்தான் ஏமாந்தாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியரின் வசதியான ஏற்பாடு என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அதே வேகத்தில் 34-ஆம் அத்தியாயத்தையும் மறுபடி படித்தேன். டார்சி வந்து உட்காருகிறான், எழுந்து நடக்கிறான், பல நிமிடங்கள் பேசாமல் இருக்கிறான், பிறகு தன் காதலைச் சொல்கிறான். அவளுடைய குடும்பத்தின் தாழ்வு, அதனால் தான் பட்ட போராட்டம் ஆகியவற்றைக் காதலுக்குச் சமமான விரிவோடு சொல்கிறான். என்ன பதில் வருமோ என்ற அச்சத்தைப் பற்றி அவன் வாய் பேசுகிறது, முகத்திலோ மறுப்பு வராது என்ற உறுதி தெரிகிறது. அவள் என் விருப்பத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதாகவே நம்பினேன் என்று பின்னால் அவனே சொல்கிறான். அவளிடம் அவன் கேட்ட கிண்டலையெல்லாம் அழைப்பென்று எடுத்துக்கொண்டிருக்கிறான்! எலிசபெத் தன் தப்பெண்ணத்தைக் கண்டுபிடிக்க ஒரு கடிதமும் இரண்டு மணி நேரமும் போதுமாக இருந்தன. அவன் தன்னுடையதைக் கண்டுபிடிக்க, ஒரு பெண் முகத்துக்கு நேரே ‘நீங்கள் கண்ணியமான மனிதராக நடந்துகொண்டிருந்தால்’ என்று சொல்லவேண்டியிருந்தது. அந்தச் சொல் பல மாதங்கள் வதைத்தது என்று 58-ஆம் அத்தியாயத்தில் ஒப்புக்கொள்கிறான்.

தாழ்வாரத்தோடு சார்லட் விஷயத்தில் நான் முழுவதும் உடன்படவில்லை, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். ஏட்டுச்சுவடி சொன்ன தூண்டில் காட்சியை நான் இரண்டு முறையும் கவனிக்காமல் கடந்திருக்கிறேன். எனக்குப் பிடித்த இடம் அதற்கு வெகு பின்னால், இருவரும் மனமொப்பிய பிறகு நடந்துகொண்டே பேசும்போது வருகிறது. பிங்லி தன் பேச்சை அப்படியே கேட்டு நடந்ததைப் பற்றி டார்சி ஏதோ சொல்ல, எலிசபெத்துக்கு ஒரு கேலி நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. தன்னைக் கண்டு பிறர் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்ள இவன் இன்னும் பழகவில்லை, இப்போதே தொடங்கக் கூடாது என்று அவள் அதை அடக்கிக்கொள்கிறாள்.